மேடை அக்கா பொலிசைத் திருப்பிய பின்னேரம்

அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் லண்டனில் ஒருவருக்கும் தெரியாது. மேடை அக்கா என்று சொன்னால் மோர்டனிலிருந்து ஈஸ்ட் ஹாம் வரைக்கும் தெரியும். கலியாண வீடு, சாமத்திய வீடு, அறுபதாம் கலியாணம், எதுவானாலும் மண்டபத்து மேடையின் வலப்பக்கப் படியில் அவர் நிற்பார். எந்தக் குடும்பம் எப்போது ஏறவேண்டும், யாருக்குப் பக்கத்தில் யார் நிற்கலாம், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சகோதரர்களை ஒரே படத்தில் எப்படி அடக்குவது, எல்லாம் அவர் கையில். கையில் என்றால் உண்மையாகவே கையில்தான். வாயால் சொல்லி மினக்கெட மாட்டார். தோள் இரண்டையும் பிடித்து, வீடு மாறுகிற நாளில் அலுமாரியைத் திருப்பி வைப்பதுபோல ஆளைத் திருப்பி வைத்துவிடுவார்.

என்னை அவர் முதன்முதலில் திருப்பியது மோர்டனில் ஒரு கலியாண வீட்டில். படம் எடுக்க மேடையில் ஏறியிருந்தேன். என் கண் சாப்பாட்டு மேசைப் பக்கம் போய்விட்டது. பசியில் இல்லை. ரோல்ஸ் தட்டுகளைச் சூடாக வைத்திருக்கக் கீழே கொளுத்தியிருந்த சின்ன நெருப்பு மேசைச் சீலையில் பிடித்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அப்படித்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பயப்படுவதில் மட்டும் மேற்படிப்பு வரைக்கும் போனவன். திடீரென்று இரண்டு கைகள் என் தோளைப் பிடித்தன. மண்டபம் கால்வாசி சுற்றியது.

"தம்பி, ரோல்ஸ் எங்கயும் ஓடாது. கமரா இஞ்சால."

"அதில்லை அக்கா, அங்க நெருப்பு..."

"பத்தினா நான் சொல்லுறன். இப்ப பல்லைக் காட்டும்."

காட்டினேன். அந்தப் படம் இன்னும் அந்த வீட்டு அல்பத்தில் இருக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் பல் வைத்தியரிடம் வந்தவன்போல நிற்கிறேன்.

மண்டபத்துக்கு வெளியிலும் அந்தக் கைகளுக்கு ஓய்வு இல்லை. ஆள் இருக்கிற பக்கத்தை விட்டு வேறு பக்கம் பார்த்து நிற்பவர்களைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. "ஆளுக்கு ஆள் காட்டத்தான் கடவுள் மூஞ்சையை முன்பக்கம் வைச்சவர்" என்பார். லிஃப்டில் ஏறினால் உலகமே கதவைப் பார்த்து நிற்கும். அக்கா கதவுக்கு முதுகைக் கொடுத்து, மற்ற எல்லோரையும் பார்த்துக்கொண்டு நிற்பார். வெள்ளைக்காரர்கள் தங்கள் சப்பாத்தை ஆராய்ச்சி செய்வார்கள். ஒருமுறை நானும் கூடப் போனேன். ஐந்து மாடியும் ஐந்து வருடம்போல இருந்தது.

என் மனைவிக்கு முழங்கால் நோ. துணைக்கு அக்கா டொக்டரிடம் போனார். டொக்டர் இளம் பிள்ளை. வந்ததிலிருந்து கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாராம். அக்கா எழுந்துபோய், அவர் இருந்த சுழல் கதிரையின் முதுகைப் பிடித்து ஒரு சுற்று.

"டொக்டர், நோ ஹியர். நொட் தெயார்."

டொக்டர் முதலில் பயந்து, பிறகு சிரித்து, அதன்பிறகு முழங்காலைத் தொட்டுப் பார்த்தாராம். 'நோ' என்றால் அவர் என்னவென்று விளங்கிக்கொண்டாரோ தெரியாது, மருந்து சரியாகத்தான் வந்தது. "இவ்வளவு நாளும் கம்ப்யூட்டருக்குத்தானே வைத்தியம் பாத்தவர்" என்று அக்கா பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

கோயிலில் நடந்தது இன்னும் மோசம். திருவிழா அன்று நிர்வாகத்தில் பெரிய ஆள் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சாமிக்கு முதுகைக் காட்டியபடி, தான் கட்டிய கோபுரத்தைப் பற்றிப் பேச்சை இழுத்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குள்ளிருந்து அக்கா போனார். தோளைப் பிடித்தார். திருப்பினார். மைக் சாமியின் முகத்துக்கு நேரே போய்விட்டது. சாமியிடம் தற்பெருமை பேச யாருக்கு வாய் வரும்? பேச்சு அந்த இடத்திலேயே முடிந்தது. அன்றைக்கு அன்னதானம் நேரத்துக்குக் கிடைத்தது.

அவரைப் பற்றி வேறொன்றும் எங்களுக்கு அதிகம் தெரியாது. நோர்பரியில் ஒரு மேல்மாடி பிளாட். பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கணவர் முன்பே போய்விட்டார். ஒரு மகன் மெல்பேர்னில். இப்போது அக்காவும் மகனோடுதான். அங்கே யார் யாரெல்லாம் எந்தெந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார்களோ. ஏன் அக்கா உங்களுக்கு இப்படி ஒரு பழக்கம் என்று ஒருவரும் கேட்டதில்லை. இது ஒரு விசர் என்று வைத்துக்கொண்டோம். எங்கள் சனத்தில் ஆளுக்கொரு விசர் இருக்கும். எனக்குப் பயம், அவருக்குத் திருப்பு.

அப்போதுதான் அந்த ஆகஸ்ட் வந்தது.

இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாத கொடுமை ஒன்று நடந்தது. செய்தவன் படகில் வந்த அகதி என்று யாரோ ஒரு பொய்யை ஃபோனில் ஏற்றிவிட்டார்கள். பொய் ஊர் ஊராகப் போனது, பின்னாலேயே கூட்டமும் போனது. பள்ளிவாசலுக்குக் கல். கடைகளின் கண்ணாடி. அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்கு நெருப்பு. தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எங்கள் வீட்டு வரவேற்பறையே சூடாவதுபோல இருந்தது. உலகத்திலுள்ள சொந்தக்காரர் எல்லோரும் ஃபோனில் அறிவுரை அனுப்பினார்கள். ரெயினில் தமிழ் கதைக்காதையுங்கோ. பொட்டு வைக்காதையுங்கோ. நான் தமிழ்க்கடையில் மீன் வெட்டுகிறவன் என்பதால் கனடா மச்சான் எனக்கென்று விசேடமாக ஒரு குரல் அனுப்பியிருந்தான்: "கத்தியோட வீதிக்கு இறங்கிப்போடாதை மச்சான், பொலிஸ் பிழையா விளங்கும்." கத்தியோடு நான் ஏனடா வீதிக்கு இறங்குகிறேன்? கத்தி இல்லாமலேயே இறங்குவதில்லை.

அந்தச் சனிக்கிழமைதான் என் மகளின் சாமத்திய வீடு, பெரியபிள்ளையான சடங்கு. நோர்பரியில் ஒரு மண்டபம். ஒரு வருடத்துக்கு முன்பே எடுத்து வைத்த நாள். மண்டபத்துக்கு ஒட்டினாற்போல, பக்கத்துச் சுவரிலேயே, குடிவரவு வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணி ஒருவரின் கந்தோர். வியாழக்கிழமை ஃபோனில் ஒரு செய்தி வந்தது. அந்தக் கந்தோரின் பெயர், வீதியின் பெயர், சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி, எல்லோரும் வாருங்கள். எங்கள் அழைப்பிதழில் இருந்ததைவிட விலாசம் அதில் தெளிவாக இருந்தது.

நான் அக்காவின் பிளாட்டுக்கு ஓடினேன். அவர் கட்டிலில் ஆலாத்தித் தட்டுகளைப் பரப்பி வைத்து, எந்தச் சோடிக்கு எந்தத் தட்டு என்று பிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒத்திவைப்பம்."

"எதை?"

"சாமத்திய வீட்டை."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்குத்தான் பயமாக் கிடக்கு."

"உமக்கு மழை பெஞ்சாலும் பயம், பெய்யாட்டியும் பயம்."

"இது மழையில்லை அக்கா. ஹோட்டலைக் கொளுத்தியிருக்கிறாங்கள். உள்ள ஆக்கள் இருக்கேக்க."

அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "பிள்ளை என்ன சொல்லுது?"

அதுதான் எனக்குப் பெரிய தலையிடி. ஆறு மாதமாக அந்தப் பிள்ளை இந்தச் சடங்கே வேண்டாம் என்று நின்றது. கலியாணப் பொம்பிளைபோல நடந்து வரமாட்டேன், என் ஃபிரெண்ட்ஸ் சிரிப்பார்கள் என்று கதவை அடித்துச் சாத்தியது. இந்தச் செய்தி வந்ததிலிருந்து கதை மாறிவிட்டது. "இப்ப வேணுமாம் அக்கா. அவை வாறதுக்கு நான் ஏன் கான்சல் பண்ணோணும் எண்டு கேக்கிறாள்."

"சரியாத்தானே கேட்டிருக்கு."

"பன்ரெண்டு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

"தேப்பனைவிடக் கூடத் தெரிஞ்சிருக்கு." அக்கா எழுந்து நின்றார். என் தோளைப் பிடிப்பார் என்று நினைத்தேன், பிடிக்கவில்லை. "தம்பி, அடிக்க வாறவனை நீ வீட்டில இரு எண்டு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வருகுதில்லை. சீலை உடுக்கிற பிள்ளையை வீட்டில இரு எண்டு சொல்லத் தேப்பனுக்கே வாய் வருகுது. அவங்களை நிப்பாட்டத்தானே கவுண்மேந்து, பொலிசெல்லாம் இருக்கு? அவை தங்கட வேலையைச் செய்யட்டும். நாங்கள் எங்கட வேலையைச் செய்வம்."

"அவை செய்யாட்டி?"

"செய்விப்பம்" என்றார், எவ்வளவோ மாமாக்களை மேடையில் ஒழுங்காக நிற்க வைத்த நம்பிக்கையில்.

வெள்ளிக்கிழமை மண்டபத்துக்கு ஒரு பொலிஸ்காரி வந்தார். மரியாதையான பிள்ளை. விசேஷத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று முதலில் கேட்டார். அக்கா தலையை ஆட்டிய விதத்தில் அந்தக் கேள்வியைக் கைவிட்டு, விசேஷம் எத்தனை மணிக்கு முடியும் என்று என்னிடம் கேட்டார். அழைப்பிதழில் காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை என்று போட்டிருந்தது. மூன்று மணி என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாலு மணிக்கு முன் மண்டபம் வெறுமையாகிவிடும், பிரச்சினை பாதியாகக் குறையும் என்று சொல்லி, சந்தோஷமாகக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

அக்கா என்னைப் பார்த்தபடி நின்றார்.

"மூண்டு மணிக்கு முடியும் எண்டு சொன்னீரோ?"

"அழைப்பிதழில அப்பிடித்தானே அக்கா கிடக்கு."

"அழைப்பிதழில பத்து மணி எண்டு கிடந்தா எங்கட சனம் எத்தினைக்கு வரும்?"

யோசித்தேன். "ரெண்டு மணி..."

"பெரிய மனிசர்?"

"மூண்டு."

"அப்ப மூண்டு மணிக்கு எப்பிடி ஐசே முடியும்? மூண்டு மணிக்குத்தான் தொடங்கும். நாலு மணிக்கு அவை வருவினம். பொலிஸ் வெறும் மண்டபத்துக்குக் காவல் நிக்க வருது. நல்ல வடிவா இருக்கும்."

பொலிசுக்குத் திரும்ப எடுத்துச் சொல்லலாம் என்று பார்த்தேன். தாங்களே அச்சடித்த நேரத்துக்குத் தாங்களே வரமாட்டார்கள் என்பதை வெள்ளைக்காரருக்கு விளங்கப்படுத்த எட்டாம் வகுப்பு ஆங்கிலம் போதாது. பட்டதாரியின் ஆங்கிலமும் போதுமோ தெரியாது. ஆகவே எங்கள் சனத்துக்கு எடுத்தேன். அன்று மிச்ச நேரம் முழுக்க வீடு வீடாக ஃபோன். தயவுசெய்து பத்து மணிக்கே வாருங்கள். "ஓம் ஓம், கட்டாயம்" என்றார்கள் எல்லோரும். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, வரமாட்டார்கள். இன்னும் சிலர், நேரத்துக்கு வா என்று இவன் இப்படிக் கெஞ்சுகிறான் என்றால் ஏதோ இருக்கிறது, கொஞ்சம் பார்த்துவிட்டே போவோம் என்று வழமையைவிடப் பிந்தி வந்தார்கள்.

சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தால், சட்டத்தரணியின் கந்தோரைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். பெயர்ப்பலகைகூடத் தெரியவில்லை. அந்த வீதியில் இப்போது கண்ணைப் பறிக்கிற ஒரே இடம் எங்கள் மண்டபம்தான். வாசலில் வாழை. பலூன் வளைவு. அதற்கு மேலே இரட்டைத் தட்டு பஸ் அகலத்தில் பதாகை. அதில் என் மகள் மயில் ஆசனத்தில் மகாராணிபோல இருக்கிறாள். வழி தெரியாமல் வருகிற எவனுக்கும் இனி வழி தப்பாது.

"அக்கா, பதாகையை எண்டாலும் இறக்குவமே?"

"பிள்ளையின்ர மூஞ்சையை மூடச் சொல்லுறீரோ?" என்றுவிட்டு, பதாகையில் ஒரு மூலை சரிந்திருக்கிறது என்று ஏணி கேட்டார்.

மூன்றரைக்கு மண்டபம் நிறைந்தது. முதல் சீலையில் மகள் மேடையில் இருந்து, ஆலாத்தி பாதி முடிந்திருந்தது. இனி இரண்டாவது சீலை மாற்றி, குடை பிடித்து, மேளத்தோடு வாசலால் உள்ளே வரவேண்டும். சீலை மாற்ற மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு அதே பக்க நடைபாதையில் நாலு கடை தள்ளியிருந்த சலூனுக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்ப்பக்கத்தில், மதுக்கடை வாசலில், அவர்கள் சேரத் தொடங்கினார்கள். தோளில் கொடியைப் போர்த்தியவர்கள். அந்த வெயிலிலும் முகத்தை மூடியவர்கள். கையில் பியர் டின்னோடு, ஏதோ விளையாட்டுப் பார்க்க வந்தவர்கள்போல சிலர். முப்பது நாற்பது பேர் இருக்கும். எனக்கு அது முந்நூறு. வீட்டுக்குப் போ, வீட்டுக்குப் போ என்று கத்தினார்கள்.

பொலிஸ் வாகனங்கள் வந்தன. வெறும் மண்டபத்தை எதிர்பார்த்து இறங்கிய சார்ஜன்ட், பட்டுச் சீலையும் வேட்டியுமாக வாசலில் முட்டி வழிந்த கூட்டத்தைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். எங்கள் ஆட்களும் சும்மா இல்லை. ஆளுக்கொரு ஃபோனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். என் பெரியப்பா ரொறன்ரோவுக்கு நேரடி வர்ணனை செய்துகொண்டிருந்தார். "இந்தா பாருங்கோ, வந்திட்டினம்... கறுத்த தொப்பி போட்டவரைக் கவனியுங்கோ..." சார்ஜன்டும் அவருடைய ஆட்களும் எங்கள் வாசலில் வரிசையாக, வீதிக்கு முதுகும் எங்களுக்கு முகமுமாக நின்று, உள்ளே போங்கள், தயவுசெய்து உள்ளே போங்கள் என்று கெஞ்சினார்கள். ஒருவர் உள்ளே போனால் இருவர் வெளியே வந்தார்கள்.

என் ஃபோன் அடித்தது. மனைவி.

"இஞ்சருங்கோ, சலூன் கண்ணாடிக்கு முட்டை அடிக்கிறாங்கள். ரெண்டு பேர் வீதியைக் கடந்து வரப் பாக்கிறாங்கள். பின்கதவு இல்லையாம்."

"பிள்ளை?"

"பிள்ளை நிக்கிறாள். கதிரையில இருந்தா சீலை கசங்குமாம்."

நான் சார்ஜன்டிடம் ஓடினேன். "சேர், மை டோட்டர். தெயார். சலூன்." கையைக் காட்டினேன். விரல் ஒரேயடியாக மூன்று கடைகளைக் காட்டியது. அவர் பொறுமையாகத்தான் கேட்டார். மகள் அங்கேயே உள்ளே இருக்கட்டும், நீங்களும் உள்ளே போங்கள், முதலில் இந்தக் கூட்டத்தை உள்ளே அனுப்பவேண்டும் என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு முட்டை பறந்து போய்ச் சலூன் கண்ணாடியில் உடைவதை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அக்கா வெளியே வந்தார். அரக்குக் காஞ்சிபுரம். முதலில் பொலிஸ் வரிசையைப் பார்த்தார். பிறகு எங்கள் ஆட்களைப் பார்த்தார். கையைத் தட்டினார்.

"எல்லாரும் கேளுங்கோ! கடைசிப் பந்தி போடப்போறம். அதுக்குப் பிறகு சாப்பாடு இல்லை."

பொலிஸ் கால் மணித்தியாலம் கெஞ்சி நடக்காதது ஒரு நிமிடத்தில் நடந்தது. பெரியப்பா ரொறன்ரோவைப் பாதியில் துண்டித்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். வாசல் வெறுமையாகிவிட்டது. அக்கா சார்ஜன்டிடம் போனார்.

"சன், திஸ் சைட் ஃபினிஷ். நவ் யூ டேர்ன்." முழங்கையில் கை வைத்தார்.

சார்ஜன்ட் கையை விலக்கினார். என்னைத் தொடாதீர்கள் அம்மா, உள்ளே போங்கள் என்றார். குரல் கொஞ்சம் இறுகியிருந்தது. பொலிஸில் கை வைத்தால் எத்தனை வருடம் என்று என் தலை கணக்குப் பார்க்கத் தொடங்கியது.

"அக்கா, வாங்கோ உள்ள போவம்."

"பொறும்." அவர் என் பக்கம் திரும்பினார். அவர் குரல் மேடைக் குரலாக இல்லை. "இவருக்குச் சொல்லும். எண்பத்தி மூண்டுக் கலவரத்தில கொழும்பு வெள்ளவத்தையில எங்கட கடைக்கு முன்னாலயும் பொலிஸ் வந்து நிண்டது. இப்பிடித்தான். எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டது. உள்ள போங்கோ, உள்ள போங்கோ எண்டது. நாங்கள் உள்ள போனம். அவை பின்னால திரும்பிப் பாக்கவே இல்லை. அப்பா கடைசி மட்டும் அவேன்ர முகத்தைத்தான்..." நிறுத்தினார். "காவல் நிக்கிறவன் எங்களுக்கு முதுகு காட்டவேணும் தம்பி. முகம் காட்டினா அது காவல் இல்லை, மறியல்சாலை. சொல்லும்."

அவ்வளவையும் நான் எப்படிச் சொல்வது? மீனின் பெயர்களும் கிலோக் கணக்கும்தான் எனக்கு ஆங்கிலத்தில் சரளம். "சேர், ஷி சே... ஔவர் கன்ட்றி, பிக் ட்ரபிள். பொலிஸ் லுக் அஸ். ஒன்லி லுக் அஸ். ஷொப் பேர்ன். ஹேர் ஃபாதர்..." அதற்கு மேல் எனக்குச் சொல் வரவில்லை. சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் ஒரு போத்தல் உடைந்தது. அவர் திரும்பினார்.

அக்காவுக்காகத் திரும்பினாரா, போத்தல் சத்தத்துக்காகத் திரும்பினாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. அக்காவிடம் கேட்டால், போத்தலே தன் சொல்லைக் கேட்டுத்தான் உடைந்தது என்பார். திரும்பியவர் ஏதோ சத்தமாகச் சொன்னார். மற்றவர்களும் திரும்பினார்கள். இரண்டு பேர் ஓடிப்போய், வீதியைக் கடக்கப் பார்த்தவர்களை மறித்தார்கள். வரிசை நடைபாதையின் ஓரம் பிடித்து நீண்டு, பலகை அடித்த கந்தோரைத் தாண்டி, சலூன் வாசல் வரைக்கும் போனது. எல்லோரும் வீதியைப் பார்த்து. எல்லோருடைய முதுகும் எங்களுக்கு. சார்ஜன்ட் தலையைத் திருப்பாமலே, இப்போது கூட்டிக்கொண்டு வாருங்கள், விரைவாக என்றார்.

"கெதியா ஏலாது. சீலை" என்றார் அக்கா தமிழிலேயே. பிறகு என்னிடம், "மேளத்தைப் போடச் சொல்லும். சத்தமா."

மண்டபத்து ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் கிளம்பியது. எதிர்ப்பக்கத்துக் கத்தல் ஒரு கணம் தடுமாறியது. நானும் அக்காவும் வரிசைக்குப் பின்னால் சலூன் வாசலுக்குப் போக, கதவு திறந்து மகள் வந்தாள். மாம்பழ நிறச் சீலை, தலை நிறையப் பூ. மனைவி முத்துக்குடையைப் பிடித்திருந்தாள், முகம் வெளிறியிருந்தாலும் குடை சரியவில்லை. நான் பிள்ளையின் கையைப் பிடித்தேன். அவள் கை குளிர்ந்திருந்தது.

"அப்பா, அவை என்னைப் பாக்கினமா?"

எட்டிப் பார்த்தேன். பொலிஸ்காரரின் தோள்களுக்கு இடையில் கொடிகள் ஆடின. கறுத்த தொப்பிக்காரன் வாயைத் திறந்தபடி குடையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்லை அம்மா" என்று பொய் சொன்னேன்.

"பாத்தாப் பாக்கட்டும்" என்றார் அக்கா. "நீ குனியாம வா."

நடந்தோம். மேளத்துக்கு ஏற்ற நடை, ஓட்டம் இல்லை. என் கால்கள் ஓடச் சொன்னதை நான் கேட்கவில்லை என்பதல்ல, அக்கா என் சால்வையைப் பின்னால் பிடித்திருந்தார். எனக்குப் பத்து வயதிலிருந்து பொலிசையும் ஆமியையும் தெரியும். சோதனைச் சாவடியில், பஸ்ஸில், வீட்டு வாசலில், எப்போதும் முகம்தான். முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்க்கப் பழகியவன். பிடரியை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒன்று வெயிலில் இறால்போலச் சிவந்திருந்தது. ஒன்றில் முடிவெட்டியவன் ஒரு பக்கத்தைக் கூடுதலாக எடுத்துவிட்டான். ஒரு பொலிஸ்காரியின் கொண்டையிலிருந்து ஒரு கம்பி கழன்று தொங்கியது. எல்லாம் என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் கூடியவர்களின் பிடரிகள்.

கந்தோரைத் தாண்டும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து மேலே எழும்பிய முட்டை ஒன்று எங்களை நோக்கி இறங்கியது. வரிசையில் நின்ற ஒரு பெடியன் அதைக் கண்டு விலகலாம். விலகினால் அது பிள்ளையின் மேல். அவன் விலகவில்லை. தொப்பியின் உச்சியில் பட்டு உடைந்து, மஞ்சள் கரு பின்பக்கமாக வழிந்து, கழுத்தால் சட்டைக்குள் இறங்கத் தொடங்கியது.

மகள் வாசலுக்குள் கால் வைத்தாள். உள்ளேயிருந்து குலவையும் கைதட்டலும் வந்தன. எனக்கு மூச்சு வந்தது. திரும்பிப் பார்த்தால் அக்கா எங்களோடு வரவில்லை. நடைபாதையில், அந்தப் பெடியனுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன் காஞ்சிபுரத்தின் முந்தானையால் அவன் பிடரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் கூச்சத்தில் நெளிந்து தலையைத் திருப்பப் பார்த்தான்.

"டோன்ட் டேர்ன், சன்" என்றார் அக்கா, சட்டைக் கழுத்துக்குள் முந்தானையைச் செருகித் துடைத்தபடி. "டோன்ட் டேர்ன்."